கற்றதை இழந்துகொண்டிருந்த சிறுமி: மூளையில் இரும்பு படியும் மரபுநோய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அந்த அம்மா வந்தபோது ஒரு துணிப்பையில் நான்கு நோட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் எல்லாம் தடிமனான ஃபைல் ஒன்றில் இருந்தன. அதை நான் திறப்பதற்குள் நோட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டார். "டாக்டர், இது ஒண்ணாம் வகுப்புல எழுதினது. இது ரெண்டாம் வகுப்பு. இப்ப எழுதினதைப் பாருங்க."

முதல் நோட்டில் எழுத்துகள் கோட்டுக்குள் அடங்கி, உருண்டையாக இருந்தன. அடுத்ததில் எழுத்து பெரிதாகி, மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. மூன்றாவதில் பென்சில் அழுத்திய தடம் பின்னால் இருந்த மூன்று தாள்களிலும் பதிந்திருந்தது. கடைசி நோட்டில் பெயரின் முதல் எழுத்து மட்டும் பாதியில் நின்றிருந்தது. மீதி வெறும் கோடுகள், ஓரிடத்தில் தாள் கிழிந்திருந்தது.

ஃபைலின் முதல் பக்கத்தில் 'பெருமூளை வாதம்' என்று எழுதியிருந்தது. நாலு வயதில் வைத்த பெயர். பெருமூளை வாதம் என்பது வளரும் மூளைக்கு ஒருமுறை ஏற்பட்ட சேதத்தின் விளைவு. அந்தச் சேதம் மேற்கொண்டு பெருகாது. குழந்தை மெதுவாகக் கற்கலாம், சிலவற்றைக் கற்காமலே போகலாம். வளர வளர தசைகள் சுருங்கி நடை மோசமாகவும் செய்யலாம். ஆனால் கைவந்த எழுத்து இப்படிக் கைவிட்டுப் போகாது. அந்த நோட்டுகளைப் பார்த்த பிறகு, ஃபைலில் இருந்த பெயர் தவறு என்று சொல்ல எனக்கு வேறு பரிசோதனை தேவைப்படவில்லை. சரியான பெயரைக் கண்டுபிடிக்கத்தான் பரிசோதனைகள் தேவைப்பட்டன.

குழந்தை யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இப்படிப்பட்ட குழந்தையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் நரம்பியல் நிபுணராக இருப்பதில்லை. பொது மருத்துவராகவோ, பிசியோதெரபிஸ்டாகவோ, வகுப்பு ஆசிரியராகவோ இருப்பார். அவர்களையும் பெற்றோரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பின்கதை

முழு மாதத்தில் சுகப்பிரசவம். பிறந்ததும் அழுத குழந்தை. 13-வது மாதத்தில் நடந்தாள். மூன்று வயதில் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தாள், அடிக்கடி விழுந்தாள். விழும்போது கையை ஊன்றித் தடுக்க முடியாமல் முகம் அடிபடும் என்று அப்பா சொன்னார். நாலு வயதில் எடுத்த எம்ஆர்ஐ 'இயல்பு' என்று வந்தது. வாதம் என்ற பெயர் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் நாலு வருடம் பிசியோதெரபி, காலுக்குப் பட்டை, சிறப்புக் காலணி. குடும்பம் எதிலும் குறை வைக்கவில்லை.

ஆறு வயதுக்குப் பிறகு பேச்சு குழறத் தொடங்கியது. எச்சில் ஒழுகியது. இன்னொரு விஷயத்தை அம்மா போகிறபோக்கில்தான் சொன்னார்: சாயங்காலம் விளக்கு போடுவதற்கு முன் வீட்டுக்குள் நடக்கச் சொன்னால் வாசலிலேயே நின்றுவிடுவாள், சுவரைத் தடவித்தான் வருவாள். "இருட்டுன்னா பயம் டாக்டர்" என்றார். நோய் போன போக்கையும் அவர் நன்றாகக் கவனித்து வைத்திருந்தார். சீராகச் சரியவில்லை, சில வாரங்களில் சட்டென ஒரு இறக்கம், அப்புறம் பல மாதங்கள் அப்படியே இருக்கும், மறுபடி ஒரு இறக்கம். இந்த நோயில் இது வழக்கமாகக் காணப்படும் போக்கு.

பெற்றோருக்குள் ரத்த உறவு கிடையாது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இல்லை. மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான்.

பரிசோதனை

வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. கையை நீட்டச் சொன்னால் விரல்கள் பின்னோக்கி வளைந்தன. வாயைத் திறக்கச் சொன்னபோது தாடை இறுகிக்கொண்டது. அவள் உடனே இரண்டு கைகளையும் கோத்து, மோவாய்க்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். தாடை தளர்ந்தது, வாய் திறந்தது. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரெதிர்த் தசைகள் ஒரே சமயத்தில் இறுகி உடலை முறுக்குவதை டிஸ்டோனியா என்கிறோம். அதில் இப்படி ஓரிடத்தைத் தொட்டாலே இறுக்கம் குறைவது உண்டு. இது உடலே கண்டுபிடிக்கும் உபாயம். 'ஏதோ பழக்கம்' என்று கையைத் தட்டிவிடக் கூடாது.

தசைநாண் அனிச்சைகள் கூடுதலாக இருந்தன. உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கிப் போனது. இரண்டும் மூளையிலிருந்து தசைக்கு வரும் நரம்புப் பாதை பழுதாகியிருப்பதன் அடையாளம். அம்மா கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். தூங்கும் குழந்தை, கால் நேராக இருக்கிறது, முகம் அமைதியாக இருக்கிறது. "தூங்கும்போது பார்த்தா ஒண்ணுமே இல்லாத பிள்ளை மாதிரி இருக்கா." உண்மைதான். டிஸ்டோனியா தூக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதைப் பார்த்துவிட்டு 'வேண்டுமென்றே செய்கிறாள்' என்று ஒருவர் அவர்களிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை அந்த அம்மாவை எவ்வளவு அரித்திருக்கும் என்பது அவர் அதைச் சொன்ன குரலிலேயே தெரிந்தது.

கண் மருத்துவர் விழித்திரையின் ஓரங்களில் நிறமித் திட்டுகளைக் கண்டார். சாயங்காலம் வாசலில் நின்றது பயத்தால் அல்ல. மங்கிய வெளிச்சத்தில் அவளுக்குக் கண் தெரியவில்லை.

ஒரு குழந்தைக்கு டிஸ்டோனியா என்றால் முதலில் வில்சன் நோயை விலக்க வேண்டும். அது செம்பு சேரும் நோய், மருந்துக்குக் கேட்கும் நோய். அதைத் தவறவிட்டால் மன்னிப்பே இல்லை. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு இயல்பு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு இயல்பு, கருவிழி ஓரத்தில் வளையம் இல்லை. ரத்தத்தில் இரும்பு, இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் இரண்டுமே இயல்பு. இந்தக் கடைசி வரி பின்னால் முக்கியமாகும்.

படம்

புதிய எம்ஆர்ஐ-யில் இரும்பை எடுத்துக்காட்டும் பட வரிசைகளையும் (சீக்வென்ஸ்) சேர்த்து எடுக்கச் சொன்னேன். மூளையின் ஆழத்தில், இரு பக்கமும், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதி கரிய நிறத்தில் இருந்தது. கருமையின் நடுவே ஒரு வெண்புள்ளி. இதைப் 'புலிக்கண்' என்பார்கள். இரும்பு சேர்ந்த இடத்தில் காந்தப்புலம் குலைந்து சிக்னல் சீக்கிரம் அணைந்துவிடுவதால் அந்த இடம் கருப்பாகத் தெரிகிறது. நடுவில் உள்ள வெண்மை, திசு சிதைந்து நீர் கோத்து வடுவாகிய இடம். சுண்ணாம்புப் படிவும் சில வரிசைகளில் கருப்பாகத் தெரியும் என்பதால் அதையும் விலக்கிக்கொண்டோம்.

அப்புறம் நாலு வயதில் எடுத்த பழைய படத்தை வாங்கிப் பார்த்தோம். அதில் கருமை இல்லை. ஆனால் அதே இடத்தில் மெலிதான வெண்மை இருந்தது. இந்த நோயின் ஆரம்பத்தில் வெண்மை மட்டும் இருந்து, கருமை பின்னால் வருவது உண்டு. அந்த ரிப்போர்ட்டை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தெரிந்து தேடினால்தான் அது கண்ணில் படும். ஆனால் நாலு வருடமாக யாரும் படத்தை மறுபடி எடுக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். பின்னடைவு தொடர்கிறது என்றால், பழைய 'இயல்பு' எந்தக் கேள்விக்கும் பதில் ஆகாது.

மூளையில் இரும்பு சேரும் மரபுநோய்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. இரும்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதே அவற்றைப் பிரித்துக் காட்டும். புறணி, தலாமஸ், சிறுமூளையின் உட்கரு எனப் பரவலாகச் சேர்ந்து, கூடவே சர்க்கரை நோயும் இருந்தால் செருலோபிளாஸ்மின் அறவே இல்லாத நோயை நினைக்க வேண்டும். சிறுமூளை சுருங்கியிருந்தால் பிஎல்ஏ2ஜி6 மரபணு. மூளைத்தண்டின் மேல்பகுதியில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் கருமையும் அதைச் சுற்றி ஒளிவட்டமும் இருந்தால் டபிள்யூடிஆர்45 மரபணு. புலிக்கண்ணோடு விழித்திரைச் சிதைவும் சேர்ந்த எங்கள் குழந்தைக்கு பாங்க்2 என்ற மரபணுவைத்தான் சந்தேகித்தோம். அதிலேயே இரண்டு பிழைகள் கிடைத்தன: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து வேறொன்று. ஒன்று, இந்த நோயில் அடிக்கடி காணப்படும் மாற்றம். புரதத்தின் 521-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் வந்துவிடுகிறது. மற்றது புரதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடும் பிழை. இரண்டு பிரதியும் வேலை செய்யாவிட்டால் நோய் ஆறு வயதுக்குள் தொடங்குவதும், ஓரளவு வேலை மிஞ்சியிருந்தால் பதின்பருவத்தில் பேச்சுக் குழறலாகவோ மனநிலை மாற்றமாகவோ மெதுவாகத் தொடங்குவதும் வழக்கம்.

நோயின் பெயர் பிகேஏஎன், அதாவது பான்டோதினேட் கைனேஸ் என்ற நொதியின் பழுதால் வரும் நரம்புச் சிதைவு. பழைய நூல்களில் ஹாலர்வோர்டன்-ஸ்பாட்ஸ் நோய் என்று இருக்கும். 1922-ல் ஐந்து சகோதரிகளைப் பாதித்த இந்த நோயை விவரித்த இரு ஜெர்மன் மருத்துவர்களின் பெயர் அது. நாஜி ஆட்சியில் ஊனமுற்றவர்களையும் மனநோயாளிகளையும் கொன்றபோது, பலியானவர்களின் மூளைகளை ஆய்வுக்கு வாங்கிக்கொண்டவர்கள் இவர்கள். அப்படிக் கொல்லப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். ஊனமுற்ற ஒரு குழந்தையின் ஃபைலில் அந்தப் பெயர்களை நான் எழுதுவதில்லை.

இரும்பும் வைட்டமினும்

2001-ல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தபோது ஆச்சரியம் என்னவென்றால், அதற்கும் இரும்புக்கும் நேரடித் தொடர்பே இல்லை. வைட்டமின் பி5-ஐ கோஎன்சைம் ஏ-வாக மாற்றும் பாதையில் முதல் படியைச் செய்யும் நொதியைத்தான் அந்த மரபணு உருவாக்குகிறது. செல்லின் சக்தி உற்பத்தி நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அந்த நொதி இருக்கிறது. கொழுப்பை எரிக்கவும் கொழுப்பைக் கட்டவும் சக்தி எடுக்கவும் கோஎன்சைம் ஏ வேண்டும். அதே பாதையின் கடைசிப் படிகளைச் செய்யும் கோஏசி என்ற மரபணு பழுதானாலும் மூளையில் இரும்பு சேர்கிறது என்று 2014-ல் தெரியவந்தது. ஆக, சிக்கல் தொடங்குவது அந்தப் பாதையில். பாதை அடைபட்டதும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் தேங்கி இரும்பைப் பிடித்து வைக்கிறது என்பது முதலில் சொன்ன விளக்கம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகளை மைட்டோகாண்ட்ரியா சரியாகக் கட்ட முடியாததால், செல் தனக்கு இரும்பு போதவில்லை என்று தப்புக்கணக்குப் போட்டு மேலும் உள்ளே இழுக்கிறது என்பது பின்னால் வந்தது. இரண்டாவது எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

இதைப் பெற்றோருக்கு முதல் நாளே விளக்கமாகச் சொல்லாதது என் தவறு. 'மூளையில் இரும்பு' என்ற ஒரு வரிதான் அவர்கள் மனதில் தைத்தது. வீட்டுக்குப் போய் இரும்புச்சத்து உள்ள உணவு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நாலு மாதம் கழித்து வந்தபோது குழந்தை வெளுத்திருந்தாள், ஹீமோகுளோபின் 8.6. எடையும் குறைந்திருந்தது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து பேசினேன். அவள் ரத்தத்தில் இரும்பு கூடுதலாக இல்லை, சாப்பாட்டு இரும்பு மூளையில் போய்ப் படியவில்லை, சாப்பாட்டை நிறுத்தினால் படிந்தது கரையவும் செய்யாது என்று சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் ஊட்டினது எதனாலயும் இது வரலயா?" என்று கேட்டார். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தான் ஊட்டியதையெல்லாம் மனதுக்குள் எண்ணிப் பார்த்து, நாலு மாதமாக இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

"இல்லம்மா. எதனாலயும் இல்ல."

சிகிச்சை

நோயை நிறுத்தும் மருந்து இல்லை. இரும்பை வெளியேற்றும் டிஃபெரிப்ரோனை 88 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. மூளையில் இரும்பு நிஜமாகவே குறைந்தது. ஆனால் டிஸ்டோனியாவிலும் அன்றாட வாழ்க்கையிலும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. தாமதமாகத் தொடங்கும் வகையில் சற்று மெதுவானதற்கான அறிகுறி மட்டும் இருந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு ரத்தசோகை கூடுதலாக வந்தது. வெள்ளணுக்கள் திடீரென விழும் ஆபத்து இருப்பதால் அடிக்கடி ரத்தமும் எடுக்க வேண்டும். அடைபட்ட படியைத் தாண்டி நொதியின் விளைபொருளையே கொடுத்துப் பார்த்த ஃபாஸ்மெட்பான்டோடெனேட் மருந்தும் அதே ஆண்டில் பலன் தராமல் போனது. இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். ஏற்கெனவே ரத்தசோகை வந்த குழந்தைக்கு டிஃபெரிப்ரோன் வேண்டாம் என்பது என் கருத்து, பெற்றோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் நோயை நிறுத்த முடியாது என்பதால் செய்ய ஒன்றுமில்லை என்று ஆகாது. இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென், டிரைஹெக்ஸிஃபெனிடில் மருந்துகள் இரண்டையும் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினோம். தாடைத் தசையிலும் கெண்டைக்காலிலும் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டோம். தாடை திடீரென இறுகி நாக்கைக் கடித்துக்கொள்வதுதான் அவளை அதிகம் வதைத்தது. காலையில் தலையணையில் ரத்தம் இருக்கும். முதல் ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து அம்மா போன் செய்தார். ஐந்து நாளாகத் தலையணை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டார். பல் மருத்துவர் மென்மையான பற்காப்பு செய்து கொடுத்தார். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு கொடுக்கவே கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தோம், அது டிஸ்டோனியாவைக் கிளப்பிவிடும். மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை பற்றியும் பேசியிருக்கிறோம். தீவிர இறுக்கத்தை அது ஓரளவு தளர்த்தும், சிதைவை நிறுத்தாது.

மூன்று நாள் புயல்

ஒன்பதரை வயதில் ஒரு இரவு அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். உடல் வில்லாகப் பின்னால் வளைந்திருந்தது, வேர்வையில் நனைந்திருந்தாள், தூக்கமே இல்லை. டிஸ்டோனியா கட்டுக்கடங்காமல் போகும் இந்த நிலையைப் புயல் என்கிறோம். இதில் தசைகள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிதைந்த தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் தசைநொதி 12,000-ஐத் தாண்டியிருந்தது. நீர் ஏற்றி, மயக்கத்தில் ஆழ்த்தும் மிடசோலம் சொட்டுச்சொட்டாக ஏற்றி, குளோனிடின் சேர்த்தும் மருந்து குறையும்போதெல்லாம் மறுபடி வளைந்தாள். எல்லோரும் 'நோய் முற்றிவிட்டது' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் பாதி நம்பிவிட்டேன்.

இந்தப் புயலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தூண்டுதல் இருக்கும்: காய்ச்சல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி. அவளால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. தொற்று இல்லை, வயிறு சரியாக இருந்தது. மூன்றாம் நாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்தார். வலது காலை நகர்த்தினார், முகம் மாறவில்லை. இடது முழங்காலுக்கு மேலே கை வைத்ததும் கண்கள் அகன்றன. மறுபடி வலது, மறுபடி இடது. "டாக்டர், இந்தக் காலுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமா?" என்று கேட்டார். தொடை எலும்பின் கீழ்முனையில் மயிரிழை முறிவு. அவள் விழவே இல்லை. நடக்காததால் எலும்பு மெலிந்திருக்கிறது. சொந்தத் தசையின் முறுக்கே எலும்பை முறித்திருக்கிறது. இந்த நோயில் இப்படி நடப்பது உண்டு என்று படித்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. காலுக்குக் கட்டுப் போட்டு, வலிக்கு முறையாக மருந்து கொடுத்த பிறகு ஒன்றரை நாளில் புயல் அடங்கியது. அன்றிலிருந்து, டிஸ்டோனியா கூடிவிட்டது என்று எந்தக் குழந்தை வந்தாலும் தலை முதல் கால்வரை ஒவ்வொரு எலும்பையும் தொட்டுப் பார்க்கிறேன்.

தம்பி

இரு பெற்றோரும் ஆளுக்கொரு பிழையைச் சுமப்பவர்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்குக் குறையாது. தம்பிக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு, தடுக்க மருந்தில்லாத நோயைச் சோதிப்பதா என்பது எளிதான கேள்வி அல்ல. நோய் இருப்பதாக முடிவு வந்தால் நன்றாக ஓடியாடும் பிள்ளையின் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் பயந்து பயந்து பார்ப்பார்கள். மரபணு ஆலோசகரோடு இரண்டு முறை பேசினார்கள். இப்போதைக்கு வேண்டாம், வருடம் ஒருமுறை பரிசோதனைக்கு மட்டும் அழைத்து வருகிறோம் என்று முடிவு செய்தார்கள். இன்னொரு கருத்தரிப்பை நினைத்தால் கருவிலேயே சோதிக்க வழி இருப்பதையும் சொல்லியிருக்கிறோம். நான் எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

இப்போது

வயது 11. நடப்பதில்லை. பத்து வயதில் வயிற்றில் குழாய் வைத்தோம். புரையேறி இரண்டு முறை நிமோனியா வந்த பிறகுதான் பெற்றோர் சம்மதித்தார்கள். ஆறு மாதத்தில் நாலு கிலோ ஏறினாள். ஆசைக்கு ஒரு கரண்டி வாயிலும் கொடுக்கிறார்கள், நிமிர்த்தி உட்காரவைத்து. வைட்டமின் டி கொடுக்கிறோம், ஹீமோகுளோபின் 11.4-க்கு வந்திருக்கிறது.

பேச்சு போய்விட்டது, ஆனால் புரிதல் நன்றாகவே இருக்கிறது. ஓரப்பார்வை குறைந்ததால் கருப்பு அட்டையில் மஞ்சள் நிறத்தில் பெரிய படங்கள், ஒரு நேரத்தில் நான்கு மட்டும், கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும். கண்ணாலேயே தேர்ந்தெடுக்கிறாள். போன முறை வந்தபோது அட்டையை நானே பிடித்துக்கொண்டு வலி எங்கே என்று கேட்டேன். கால், வயிறு, வாய் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவது படத்தைப் பார்த்தாள். 'வலி இல்லை.' நான் நம்பாமல் மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே பார்த்தாள். பிறகு கண்ணைத் திருப்பி, கதவருகே நின்ற தம்பியைப் பார்த்தாள். வீட்டுக்குப் போக வேண்டுமாம், அம்மா சொன்னார். அடுத்த போட்டுலினம் ஊசி மூன்று மாதம் கழித்து.